இரண்டு மாமன், ஒரு மடி

அரவிந்தனின் சட்டையைத் திட்டாமல் அந்த வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்ததில்லை. அவன் அந்த வீட்டின் கடைக்குட்டி. முப்பது வயது, அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். சட்டை என்றால் கடையில் விற்கிற சட்டை இல்லை. கும்பகோணத்தில் புடவைக்கடை புடவைக்கடையாக ஏறி இறங்கி, பெண்கள் கட்டுகிற பூப்போட்ட புடவையாகப் பார்த்து எடுப்பான். அதை வலங்கைமானில் உபைதுல்லா பாயிடம் கொடுத்துச் சட்டையாகத் தைத்துக்கொள்வான். பார்டர் வீணாகக் கூடாதாம், அதைச் சட்டையின் கீழ்விளிம்பில் சுற்றிலும் வரும்படி வைத்துத் தைக்கச் சொல்வான். அதற்குக் கீழே கத்திரிப்பூ நிறத்தில் வேட்டி. காதில் கடுக்கன். இந்தக் கோலத்தோடு மெஷின்மேல் ஏறி உட்கார்ந்து அவன் சம்பா அறுத்தால், பக்கத்து வயல்காரர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வரப்பில் வந்து நிற்பார்கள்.

"பொம்பளைங்க கட்டுற துணியடா அது. உனக்குக் கூச்சமே இல்லியா?" என்பாள் அம்மா பிரகதாம்பாள். கேட்டுக்கொண்டே குழம்புச் சட்டியைத் துழாவி, நடுத்துண்டு மீனாகப் பார்த்து அவன் தட்டில் வைப்பாள்.

அந்தத் திட்டுக்குத் தலைமை தாங்குகிறவன் அண்ணன் மதிவாணன். தம்பிக்குப் பதினொரு வயது மூத்தவன். வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை தவிர வேறு எதுவும் உடுத்தாதவன். அப்பா வைரக்கண்ணு திடீரென்று போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு இருபத்து மூன்று வயது. காரியம் முடிந்த மறுநாள் பேண்டைக் கழற்றிக் கொடியில் போட்டவன் அப்புறம் தொடவே இல்லை. அப்பாவைப் போல வேட்டி கட்டினான், அப்பாவைப் போல விடிவதற்குள் வயலுக்குப் போனான், அப்பா மாதிரியே தொண்டையைச் செருமிவிட்டுப் பேசினான். தங்கை மங்கைக்கு அவன்தான் கல்யாணம் பண்ணி வைத்தான். தம்பியைப் படிக்க வைத்தான், அவன் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

"ஊருக்குள்ள தலை காட்ட முடியல. மானம் போவுது" என்பான் மதிவாணன். மானம்தான் தன்னை வாட்டுகிறது என்று அவனும் நெடுங்காலமாக நம்பிக்கொண்டிருந்தான். அது மானம் இல்லை, பொறாமை. நல்ல காரமான பொறாமை.

பின்னே என்ன? ஒரு கல்யாணத்துக்குப் போனால், மொய் எழுதி, பந்தி விசாரித்து, பெரியவர்களை வண்டி ஏற்றி அனுப்புவது வரை மதிவாணன். போட்டோவில் நிற்பது அரவிந்தன். சின்னப் பெண்களிலிருந்து கிழவிகள் வரை "ஏ அரவிந்தா, இந்தச் சேலையை எங்கடா எடுத்த?" என்று அவன் சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள், முகத்தைச் சுளிக்கிறவர்கள் சுளிப்பார்கள். ஆனால் பார்க்காதவர்கள் கிடையாது. அம்மா காலையில் எழுந்ததும் முதலில் அவன் அறையைத்தான் எட்டிப் பார்ப்பாள், இன்றைக்கு என்ன மாட்டிக்கொண்டு வரப்போகிறானோ என்று. மதிவாணன் என்ன உடுத்தியிருக்கிறான் என்று பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள் அவள் பார்த்ததில்லை. திட்டுவதற்காகவாவது பார்க்க வேண்டுமே! ஒழுங்காக இருக்கிறவனைத் திட்ட என்ன இருக்கிறது?

இந்த மாசியில் மங்கையின் சின்னப் பெண் நறுமுகைக்குக் காதுகுத்து வந்தது. மங்கையைக் கொடுத்திருப்பது பூதலூரில். மாப்பிள்ளை சேரன் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறான். குழந்தைக்கு முடியைப் போன வருஷமே சுவாமிமலையில் இறக்கியாயிற்று. காது மட்டும் குலதெய்வமான வீரனார் கோயிலில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்று சேரன் வீட்டில் சொல்லிவிட்டார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவார்கள். மாமனுக்கு மாலை போட்டு, பலகையில் உட்கார வைத்து, சுற்றி ஊரே நிற்கும். அந்த அரை மணி நேரத்துக்குத் தாய்மாமன்தான் ராஜா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மங்கை குழந்தையோடு வந்தாள். நறுமுகை செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி அரவிந்தனின் மடியில் ஏறிக்கொண்டு, அவன் சட்டையிலிருந்த பூக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு அவன் பூ மாமா. மதிவாணன் வெறும் பெரிய மாமா.

மங்கை சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் மெதுவாகப் பேச்சை எடுத்தாள். "அண்ணே, பெரியவனுக்குக் காது குத்துறப்ப நீ மடி குடுத்த. இவளுக்குத் தம்பி குடுக்கட்டுமே. அவனுக்கும் ஆசை இருக்காதா? இவளும் அவன்கிட்டதான் ஒட்டுறா."

மதிவாணன் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது. மங்கை மகனுக்குக் காது குத்திய நாள் அவனுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. ஏழு வருஷம் ஆகிறது. கழுத்தில் மாலையோடு பலகையில் உட்கார்ந்திருந்தபோது அம்மா வந்து நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, கன்னத்தையும் ஒரு தடவை தடவினாள். அந்த ஒன்றுக்காகவே அடுத்த காதுகுத்தை அவன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். அதை வெளியே சொல்ல முடியுமா? நாற்பத்தொரு வயது மனிதன்.

தொண்டையைச் செருமிக்கொண்டான். "குடுக்கட்டும். நான் ஒண்ணும் வேணாங்கல. ஆனா இந்தக் கோலத்துல போயி மாப்புள்ள வீட்டு ஆளுங்க முன்னாடி உக்காருவானா? நாளைக்கு உன்னையத்தான் பேசுவாங்க. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அதுல வந்தான்னா மடி அவனுது. இல்லன்னா நான் உக்கார்றேன்."

"அவன் சொல்றது சரிதான்" என்றாள் அம்மா. மதிவாணனின் மனைவி வானதியும் தலையாட்டினாள். மங்கை தம்பியைப் பார்த்தாள்.

மதிவாணன் நிம்மதியாகச் சோற்றைப் பிசைந்தான். தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான் என்று அவனுக்கு நிச்சயம். போன வருஷம் மன்னார்குடியிலிருந்து பெண் வீட்டார் வந்தபோது, ஒரே ஒரு மணி நேரத்துக்கு வெள்ளைச் சட்டை போடுடா என்று வீடே கெஞ்சியது. அன்றைக்கென்று பார்த்து ஊதாவில் மஞ்சள் பூப் போட்டதை மாட்டிக்கொண்டு வந்து, அவனே காபியும் கொண்டுவந்து வைத்தான். வந்தவர்கள் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அரவிந்தன் மீனில் முள்ளை எடுத்துவிட்டுக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிராமல், "சரிண்ணே" என்றான்.

"என்னடா சரி?"

"வெள்ளையிலயே வர்றேன். ஒரு நாள்தானே. பாப்பாவுக்காகப் போட்டுக்க மாட்டேனா?"

மங்கைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அம்மா, "இந்தப் புத்தி இன்னிக்காவது வந்துச்சே" என்று அவனுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள். சாப்பிட்டு எழுந்தபோது வானதி, "நீங்க சொன்னதைத்தானே கேட்டுக்கிட்டாரு? அப்புறம் ஏங்க மூஞ்சியை இப்புடி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். மதிவாணன் வாயைக் கொப்பளிக்கிற சாக்கில் கொல்லைக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் அவன் காத்திருந்தான். தம்பி மனம் மாறுவான், இவனால் முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஏதோ வேலையாகப் போகிறவன் போல உபைதுல்லா பாய் கடைக்குப் போய், "என்ன பாய், நம்ம பய ஏதும் புதுசா தைக்கக் குடுத்துருக்கானா?" என்று விசாரித்தான்.

"குடுத்தான். அப்புறம் அவனே வந்து, காதுகுத்து முடியிற மட்டும் வெட்டாதீங்க பாய், கண்ணுல பட்டா ஆசை வந்துரும்னு சொல்லிட்டுப் போயிட்டான். திருந்திட்டான் போங்க" என்றார் பாய். மதிவாணனும் சிரித்து வைத்தான். திருந்துவதற்கு இந்த நாளா கிடைத்தது அவனுக்கு?

காதுகுத்து அன்று காலை மதிவாணன் குளித்து, முந்தாநாளே கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்ததை உடுத்திக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தான். கூடத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

ஒரு நொடிதான். அப்புறம் அது அரவிந்தன் என்று தெரிந்தது. அவனிடம் ஏது வெள்ளைச் சட்டை? அம்மா பீரோவைத் திறந்து, அடியில் இருந்து அப்பாவின் கதர்ச் சட்டையையும் எட்டு முழ வேட்டியையும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அந்துருண்டை வாசனை கூடமெல்லாம் அடித்தது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளவெடுத்துத் தைத்தது போல அவனுக்குப் பொருந்தியிருந்தது. அவன் அப்பாவின் உயரம், அப்பாவின் தோள். மதிவாணன் அம்மா வழி, கட்டை குட்டையான உடம்பு.

அந்தச் சட்டையை, அப்பா செத்த பதினாறாம் நாள், மதிவாணன் அம்மாவிடம் கேட்டிருந்தான். "அது கெடக்கட்டும்டா" என்றாள். சரி, அவளுக்கு ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டு அப்புறம் கேட்கவே இல்லை. இன்றைக்கு அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டாள். கொடுத்தது மட்டுமா, எதிரில் நின்றுகொண்டு வாயில் முந்தானையை வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"உங்கப்பா நிக்கிற மாதிரியே இருக்குடா" என்றாள். "அந்த நடைகூட அப்புடியேதான்."

மதிவாணன் பதினெட்டு வருஷமாக நடந்த நடையை அவள் எங்கே வைத்துவிட்டாளோ தெரியவில்லை.

பூதலூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. மேட்டூரை மூடிவிட்டதால் கோயிலை ஒட்டிய வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அந்தப் பக்கம் அறுத்த வயலில் உளுந்து பூத்திருந்தது. சீர்த்தட்டுகளை வேனிலிருந்து இறக்கி, மேளத்தோடு கோயிலுக்கு நடந்தார்கள். பாவாடை சட்டைத் தட்டை அரவிந்தன் எடுத்துக்கொண்டு முன்னால் போனான். பழத்தட்டோடு மதிவாணன் பின்னால் போனான்.

சேரனின் பெரியப்பா துரைராசு வாசலில் உட்கார்ந்திருந்தார். வைரக்கண்ணுவோடு நெல் யாவாரம் பண்ணியவர். அரவிந்தனைப் பார்த்ததும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்துவிட்டார். "அட, வைரக்கண்ணு! எலேய், வைரக்கண்ணு எந்திரிச்சு வந்துட்டான்டா!"

அவ்வளவுதான். அத்தனை பேரும் சூழ்ந்துகொண்டார்கள். "அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்று ஒருத்தி திருஷ்டி கழித்தாள். "இவ்வளவு லட்சணத்தை வச்சுக்கிட்டாடா பூப்போட்ட சேலையைச் சுத்திக்கிட்டுத் திரிஞ்ச?" என்று இன்னொருவர் முதுகில் தட்டினார். மன்னார்குடிப் பெண்ணுக்கு இன்னும் இடம் அமையவில்லை, மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று பேச்சு அடிபட்டது. அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, கண்ணைத் துடைப்பதும் அவனைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

மதிவாணனுக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. தம்பி கலர்ச் சட்டையில் வந்திருந்தால் இவர்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்திருப்பார்கள். அந்தப் பாதிப் பேரை நம்பித்தான் அவன் இத்தனை வருஷமாகக் காலத்தைத் தள்ளியிருந்தான். இப்போது அவர்களும் தம்பி பக்கம் போய்விட்டார்கள். போகச் சொல்லி வழி காட்டிவிட்டது வேறு யாரும் இல்லை, அவனேதான்.

குழந்தையை அலங்காரம் பண்ணித் தூக்கி வந்தார்கள். நறுமுகை அரவிந்தனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மங்கையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "பூ மாமா எங்க?" என்றாள். "இதாண்டி பூ மாமா" என்று மங்கை எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அரவிந்தனும் சிரித்தான், ஆனால் அவன் முகம் கொஞ்சம் தொங்கிப்போனது.

மதிவாணன் தம்பியின் தோளைத் தொட்டான். "செத்த இப்புடி வா."

வேனுக்குப் பின்னால் கூட்டிப்போனான். "உன் சட்டை ஏதாச்சும் வச்சிருக்கியா?"

"பையில இருக்கு. முடிஞ்சதும் மாத்திக்கலாம்னு எடுத்தாந்தேன். ஏண்ணே?"

"இப்பவே மாத்து."

அரவிந்தன் விழித்தான். "நீதானே வெள்ளையில வரச் சொன்ன?"

"நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் மாத்தச் சொல்றேன். பாப்பாவுக்கு அடையாளம் தெரியல பாரு."

"அதுக்காகவா சொல்ற?"

அதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் எதிரில் நின்றது அப்பாவின் சட்டை. அதைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

"இல்லடா. எனக்குப் பொறாமையா இருக்கு" என்றான். சொன்னதும் காதெல்லாம் சூடாகிவிட்டது. "காலையிலேருந்து அம்மா உன்னையேதான் பாத்துக்கிட்டு இருக்கு. பதினெட்டு வருஷமா நான் வெள்ளை கட்டுறேன். அப்பா மாதிரி இருக்கேன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொன்னதில்ல."

அரவிந்தன் சிரிக்கவில்லை. "நான் எதைப் போட்டாலும் அம்மா என்னையத்தாண்ணே பாக்கும். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுக்கு நான் என்ன பண்ண?" என்றான்.

"தெரியும்டா. ஆனா அதைப் போட்டுக்கிட்டா திட்டிக்கிட்டே பாக்கும். அந்த மட்டுக்கும் எனக்குப் போதும்."

இதைக் கேட்டு அரவிந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதிவாணனுக்கும் வந்தது, கண்ணில் தண்ணீரோடு. அரவிந்தன் அங்கேயே சட்டையைக் கழற்றி, நான்காக மடித்து அண்ணன் கையில் கொடுத்தான். பையிலிருந்து பச்சைப் புடவையில் தாழம்பூ போட்ட சட்டையை எடுத்து மாட்டினான். வேட்டியை மட்டும் மாற்றவில்லை.

அவன் கோயில் வாசலுக்குப் போனதும் மேளக்காரருக்கே ஒரு அடி தப்பிவிட்டது. "என்னடா இது, நல்லாத்தானடா இருந்த!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். துரைராசு கைத்தடியால் தரையைத் தட்டினார். சேரன் மங்கையைப் பார்த்தான், மங்கை மதிவாணனைப் பார்த்தாள்.

"நான்தான் மாத்தச் சொன்னேன்" என்றான் மதிவாணன். "புள்ளை பயப்படுதுல்ல? அவ மாமன் அவளுக்குத் தெரியிற மாதிரி இருக்கட்டும்."

துரைராசு அவன் பக்கம் திரும்பி, "மூத்தவன்னா இப்படித்தான் இருக்கணும். பெரிய மனசுப்பா உனக்கு" என்றார். நாலு பேர் ஆமாம் என்றார்கள். அந்தப் பாராட்டை மதிவாணன் கசப்பு மருந்து குடிப்பது போல விழுங்கினான். பெரிய மனசு எவ்வளவு பெரியது என்று வேனுக்குப் பின்னால் நின்றவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

நறுமுகை தாழம்பூச் சட்டையைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு தாவினாள். அரவிந்தன் மாலையோடு பலகையில் உட்கார்ந்தான். அம்மா முணுமுணுத்துக்கொண்டே போய் அவனுக்குத் திருநீறு பூசினாள். கன்னத்தையும் தடவினாள். மதிவாணன் அதைப் பார்க்க வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினான், திருப்பியவன் மறுபடி பார்த்தான்.

ஆசாரி தேங்காய் மூடியில் இருந்த சந்தனத்தைத் தொட்டுக் காதில் புள்ளி வைத்தார். "மாமன் தலையை நல்லாப் புடிச்சுக்கணும். ஆடக் கூடாது" என்றார். அரவிந்தன் ஒரு கையால் குழந்தையின் தலையை மார்போடு அழுத்தி, இன்னொரு கையால் அதன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். முதல் காதில் கம்பி ஏறியது. நறுமுகை வீறிட்ட சத்தத்தில் மேளம் காணாமல் போனது. அவள் திமிறினாள், அவன் விடவில்லை. விட்டால் கம்பி கோணிவிடும். இரண்டாவது காதில் ஏறும்போது அவள் அவன் கையைக் கடித்தாள். அவன் அப்போதும் விடவில்லை.

முடிந்ததும் அரவிந்தன், "அவ்வளவுதான்டா செல்லம், முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்று அணைக்கப் போனான். குழந்தை அவன் முகத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். "நீ வேணாம்! போ! பூ மாமா கெட்ட மாமா!" என்று அவன் மடியிலிருந்து சறுக்கி இறங்கி, அழுது சிவந்த கண்ணால் சுற்றிலும் பார்த்தாள். மங்கை குனிந்து கை நீட்டினாள். அவளும்தான் காலைப் பிடித்திருந்தாள், அவளும் வேண்டாம். ஆசாரி வேண்டாம், அப்பா சேரனும் வேண்டாம். கூட்டத்தின் ஓரத்தில், அப்பாவின் மடித்த சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற மதிவாணன்மேல் அவள் கண் விழுந்தது.

"பெரிய மாமா" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

மதிவாணன் அவளை வாரி எடுத்தான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணீரும் சளியுமாக முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு விம்மினாள். அந்தச் சின்ன உடம்பு நடுங்குவது அவன் நெஞ்சில் தெரிந்தது. அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். தலையை நிமிர்த்தியபோது எதிரில் பலகையில், மாலையோடு, கடிபட்ட கையைப் பிடித்துக்கொண்டு அரவிந்தன் உட்கார்ந்திருந்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்தது குழந்தையை இல்லை, அண்ணனை. அந்தப் பார்வை மதிவாணனுக்கு நன்றாகத் தெரியும். அவனைவிட நன்றாக அதைத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை.

"அண்ணே, குடுண்ணே. நான் சமாதானப்படுத்துறேன்" என்றான் அரவிந்தன், எழுந்து கையை நீட்டியபடி.

கொடுத்திருக்கலாம். இவ்வளவு தூரம் வந்தவன், மனதில் கிடந்ததை வாய்விட்டுச் சொன்னவன், அதையும் செய்திருக்கலாம். "செத்த இருடா, இப்பதான் அடங்குறா" என்றான் மதிவாணன். குழந்தையைத் தோளில் நன்றாகச் சாய்த்துக்கொண்டு, வீரனாரை வலமாக ஒரு சுற்றுச் சுற்றினான். வாசலுக்கு வந்தபோது குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. தம்பி கையை நீட்டியபடியே நின்றிருந்தான். மதிவாணன் அவனைப் பார்க்காத மாதிரி இன்னொரு சுற்றுக்குக் கிளம்பினான்.